விண்வெளிக் கதிர்வீச்சு: முதல் அச்சங்கள், வாசகர் கேள்விகள்

கேள்வி: ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே மேலே கதிர்வீச்சு இருப்பது தெரியுமா?

நன்றாகவே தெரியும். 1912 ஆகஸ்டில் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கி.மீ.க்கு மேல் ஏறிப்போய் அளந்தார். உயரம் கூடக் கூடக் காற்றின் அயனியாக்கமும் (கதிர் பட்டுக் காற்று மின்னூட்டம் பெறுவது) கூடியது. கதிர் வானத்திலிருந்து வருகிறது என்று அவர் முடிவு செய்தார். மனிதருக்கு அதனால் என்ன ஆகும் என்ற கவலை 1948க்குப் பிறகுதான் வலுத்தது. அந்த ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா, ரோச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழுக்கள் அனுப்பிய பலூன்களில், அண்டக் கதிர்கள் எனப்படும் அந்த வானத்துக் கதிர்களுக்கிடையே கனமான அணுக்கருக்களும் பதிவாகின. (ரோச்செஸ்டர் குழுவிலிருந்த பெர்னார்ட் பீட்டர்ஸ் பின்னர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார்.) எக்ஸ்ரே உடலெங்கும் பரவலாகப் படும். கனமான அணுக்கருவோ, ஒற்றைத் துகளாக வந்து தன் பாதையிலுள்ள செல்களை வரிசையாகத் துளைத்துச் செல்லும். இதனால் வரக்கூடிய தீங்கு பற்றி 1950இலேயே எழுதியவர், அமெரிக்கக் கடற்படையின் பென்சகோலா விமான மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஹெர்மன் ஷேஃபர்.

கேள்வி: மனிதரை வைத்துச் சோதித்தார்களா?

முதலில் விலங்குகளைப் பலூனில் அனுப்பினார்கள். உயரே சென்று திரும்பிய கறுப்பு எலிகளின் உடலில் ஆங்காங்கே முடி நரைத்திருந்தது. பிறகு, 1957 ஆகஸ்டில், அமெரிக்க விமானப்படை மருத்துவர் டேவிட் சைமன்ஸ் தானே ஏறினார். சிறிய கூண்டுக்குள் 32 மணி நேரம் இருந்தார், 30 கி.மீ.க்கு மேலான உயரத்தை எட்டினார். கைகளிலும் மார்பிலும், துகள் பட்டால் தடம் பதியும் ஒளிப்படப் பூச்சுத் தகடுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். கனமான துகள் எந்த இடத்தில் துளைத்தது என்பதைத் தகடு காட்டும். அதற்கு நேர் கீழே தோலில் மாற்றம் உண்டா என்று பார்க்கலாம். தன் உடலையே ஆய்வுப் பொருளாக்கிய அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஓர் ஆள், ஒன்றரை நாள் என்பதை வைத்து, பல ஆண்டுகள் கழித்து வரும் புற்றுநோயைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: வான் ஆலன் பட்டைகளைக் கருவிப் பழுது என்று நினைத்தார்களாமே?

பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் நிறைந்த கதிர்வீச்சு வளையங்களே இந்தப் பட்டைகள். 1958 ஜனவரி இறுதியில் ஏவப்பட்ட அமெரிக்கச் செயற்கைக்கோள் எக்ஸ்புளோரர் 1இல் ஜேம்ஸ் வான் ஆலன் குழுவின் கைகர் எண்ணி (கதிர்த் துகள்களை எண்ணும் கருவி) இருந்தது. உயரமான பகுதிகளில் அது சில வேளைகளில் சுழியைக் காட்டியது. மார்ச்சில் சென்ற எக்ஸ்புளோரர் 3இல் பதிவு நாடா இருந்ததால் சுற்று முழுவதையும் பார்க்க முடிந்தது: எண்ணிக்கை ஏறி, உச்சத்தைத் தொட்டு, திடீரென்று சுழியாகியது. குழுவிலிருந்த கார்ல் மக்கில்வெய்ன் அதே வகை எண்ணியை எக்ஸ்ரே கருவி முன் வைத்துப் பார்த்தார். கதிர் மிகுந்ததும் அதுவும் வாயடைத்து நின்றது! அளவுக்கு மீறிய கதிர்வீச்சே சுழியாகத் தெரிந்திருக்கிறது. மே 1 அன்று செய்தி வெளியிடப்பட்டது. 1957 நவம்பரிலேயே சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் 2இல் செர்கேய் வெர்னோவின் எண்ணி பறந்தது. ஆனால் உச்ச உயரத்தைத் தென் அரைக்கோளத்தின் மேல் தொட்டதால், முக்கியமான தரவு சோவியத் நிலையங்களுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: அந்தப் பட்டைகளைக் கடந்தவர்கள் உயிரோடு திரும்பியிருக்கவே முடியாது என்கிறார்களே?

வான் ஆலன் 1959இல் தந்த மதிப்பீடு, அடர்ந்த பகுதியில் மணிக்கு 10 முதல் 100 ராண்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு). இதில் "மணிக்கு" என்ற சொல்லைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நிலவுக்குச் சென்ற அப்பல்லோ கலங்கள் அடர்ந்த நடுப்பகுதியை ஒதுக்கி, விரைவாகக் கடந்தன. கலத்தின் சுவரும் ஓரளவு தடுத்தது. பயணம் முழுவதிலும் தோலில் பட்ட சராசரி அளவு அப்பல்லோ 11இல் 0.18 ராட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு; ஒரு ராண்ட்ஜனுக்குக் கிட்டத்தட்டச் சமம்). அதிகமாகப் பட்ட அப்பல்லோ 14இல்கூட 1.14 ராட்தான். பட்டையைக் கண்டுபிடித்து அளந்தவர்கள் இருந்ததால்தான் அதை ஒதுக்கிச் செல்லும் பாதையும் வகுக்கப்பட்டது.

கேள்வி: மனிதர்களே செயற்கைப் பட்டையை உருவாக்கியது உண்மையா?

உண்மை. 1962 ஜூலை 9 அன்று பசிபிக் கடலுக்கு மேல் 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகா டன் அணுகுண்டை வெடித்தது. சிதறிய எலக்ட்ரான்கள் பூமியைச் சூழ்ந்து பல செயற்கைக்கோள்களைக் கெடுத்தன. என் பார்வையில் இது மன்னிக்க முடியாத பொறுப்பின்மை.

கேள்வி: பெரிய ஆபத்து நூலிழையில் தப்பியதுண்டா?

1972 ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரியனிலிருந்து கடுமையான புரோட்டான் புயல் வந்தது. அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது. அப்பல்லோ 17 கிளம்பியது டிசம்பரில். அந்நேரம் நிலவின் தரையில் வெறும் விண்வெளி உடையோடு யாராவது நின்றிருந்தால் கதிர்வீச்சு நோய் வந்திருக்கக்கூடும். இங்கே காப்பாற்றியது நாட்காட்டிதான்.

கேள்வி: அந்தப் பழைய கவலைகளில் எது இன்னும் தீரவில்லை?

முதலில் வந்ததுதான்: கனமான அணுக்கருக்கள். அவை கண்ணைத் துளைத்தால் ஒளிப்பொறி தெரியும் என்று 1952இல் கதிர்வீச்சு ஆய்வாளர் கார்னீலியஸ் டோபயஸ் கணித்தார். 1969இல் அப்பல்லோ 11 வீரர் பஸ் ஆல்ட்ரின் அதைப் பார்த்துச் சொன்னார். நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குச் செல்லும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லி சீவெர்ட் (உடலுக்கு வரும் தீங்கைக் கணக்கில் கொள்ளும் அலகு). சுவரைத் தடிப்பாக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். உலோகத்தில் மோதும் துகள் உடைந்து புதிய துகள்களைத் தெறிக்கச் செய்யும். ஹைட்ரஜன் மிகுந்த நீரும் பாலித்தீனும் உலோகத்தைவிட மேலானவை. ஆனாலும் முழுத் தடுப்பு இல்லை. உடலில் அவை என்ன செய்கின்றன என்று அறிய, நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் நாசா 2003 முதல் முடுக்கி வழியாக இரும்பு அணுக்கருக்களைச் செல்கள் மீது செலுத்திச் சோதித்து வருகிறது.