பொண்ணு கெமிஸ்ட்ரி லேப் வேலைக்குப் போறதுக்கு பயப்படுற அம்மாவுக்கு

அம்மா, பொண்ணு எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சு மருந்து கம்பெனி லேப்ல ஆஃபர் வாங்கியிருக்கா, கெமிக்கல்ல கெடந்து உடம்பு கெட்டுடுமோ, பேசாம பி.எட் சேத்துடலாமான்னு கேட்டிருந்தீங்க. உங்க பயம் நியாயமானதுதாம்மா. ஆனா வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த லேப் எப்படின்னு விசாரிக்கச் சொல்லுங்க, எல்லா லேபும் ஒண்ணு இல்ல.

முதல்ல கிளவுஸ். 1996ல அமெரிக்கால டார்ட்மவுத் காலேஜ் புரொஃபசர் கேரன் வெட்டர்ஹான் கைல டைமெத்தில் மெர்க்குரிங்கற கடும் விஷமான பாதரச திரவம் ஓரிரு சொட்டு பட்டுச்சு, கிளவுஸ் போட்டுதான் இருந்தாங்க, ஆனா அது லேட்டக்ஸ் ரப்பர், அந்த கெமிக்கல் அதுக்குள்ள சில நொடில இறங்கிடும்னு அப்புறம் டெஸ்ட் பண்ணிதான் தெரிஞ்சுது. அடுத்த வருஷம் ஜூன்ல இறந்துட்டாங்க, 48 வயசு. இது ரொம்ப அரிதான கெமிக்கல், உங்க பொண்ணு லேப்ல இருக்காது. ஆனா அங்க தினமும் புழங்குற அசிட்டோன், டைகுளோரோமீத்தேன் மாதிரி சால்வென்ட் (மத்த பொருள கரைக்கிற திரவம்) கூட மெல்லிசான நைட்ரைல் ரப்பர் கிளவுஸ ஓரிரு நிமிஷத்துலயே தாண்டிடும். அதனால "கிளவுஸ் குடுப்பீங்களா"ன்னு கேக்கக்கூடாது, "எந்த சால்வென்ட்டுக்கு எந்த கிளவுஸ்"னு கேக்கணும். பாட்டிலோட வர்ற எஸ்டிஎஸ்ங்கற பாதுகாப்புத் தகவல் ஷீட்ல 8வது பகுதில அது இருக்கும், படிச்சுட்டு பாட்டில தொடச் சொல்லுங்க.

சாதா மாஸ்க்கும் என்95ம் கெமிக்கல் ஆவிய தடுக்காதும்மா. காப்பாத்துறது ஃப்யூம் ஹுட்தான், அதாவது ஆவிய உறிஞ்சி வெளிய தள்ளுற அலமாரி. ஒரு டிஷ்யூ துண்ட அதோட வாய்ல புடிச்சா உள்ள இழுக்கணும், இழுக்கலன்னா அது வெறும் அலமாரி.

டிரெஸ்ஸும் முக்கியம். 2008 டிசம்பர்ல அமெரிக்கால யுசிஎல்ஏ யுனிவர்சிட்டி லேப்ல ஷெரி சாங்ஜின்னு 23 வயசு பொண்ணு, காத்து பட்டாலே தீப்பிடிக்கிற கெமிக்கல கையாண்டப்ப தீ புடிச்சுது, லேப் கோட் போடல, சிந்தெடிக் ஸ்வெட்டர் போட்டிருந்தா, 18 நாள் கழிச்சு இறந்துட்டா. படிக்கும்போதே மனசு கனக்குது. நம்ம பொண்ணுங்க நைலக்ஸ் துப்பட்டாவோட லேப்ல நிக்கறத பாத்தா எனக்கு பதறும். காட்டன் சுடிதார், துப்பட்டா லாக்கர்ல, மேல பட்டன் போட்ட கோட்டு, கால மூடுற ஷூ.

நாளைக்கு கல்யாணம் குழந்தைன்னு வரும்போதுன்னு நீங்க தயங்கித் தயங்கி கேட்டதுக்கும் சொல்றேன். டைமெத்தில் ஃபார்மமைடு மாதிரி சில சால்வென்ட் கருவ பாதிக்கும், அதுவும் எஸ்டிஎஸ்லயே போட்டிருக்கும். உண்டானது தெரிஞ்ச அன்னைக்கே, முடிஞ்சா பிளான் பண்ணும்போதே மேனேஜர்கிட்ட சொல்லி வேற வேலைக்கு மாத்திக்கணும், கூச்சப்படக்கூடாது.

இதெல்லாம் கேட்டா ஆஃபர் போயிடுமோன்னு பயப்படாதீங்க. ஒழுங்கான லேப்ல இன்சார்ஜே கூட்டிட்டுப் போய் கண்ணு கழுவுற ஐவாஷ் எங்க இருக்குன்னு காட்டுவாரு. முகம் சுளிச்சாங்கன்னா அந்த ஒரு கம்பெனிய விட்டுடச் சொல்லுங்க, கெமிஸ்ட்ரிய விடச் சொல்லாதீங்க.