பங்கசு நொதியம் படித்தால் மகளுக்கு வேலை கிடைக்குமா?

வெள்ளவத்தை அம்மாவுக்கு,

மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தை எடுத்துக்கொண்டு மகள் வங்கியில் சேர்ந்தால் போதும் என்கிறீர்கள். அவளோ நான்காம் வருடமும் இருந்து சிறப்புப் பட்டம் செய்ய வேண்டும், நோய் உண்டாக்கும் பங்கசுக்களின் நொதியங்களை, அதாவது உயிர்களுக்குள் இரசாயன வேலைகளை விரைவாக்கும் புரதங்களை, ஆராய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் பிள்ளையின் பக்கம்தான். வங்கி நான்கு வருடம் படித்தவளையும் எடுக்கும்.

தொற்றிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கன்டிடா அல்பிகன்ஸ் என்ற பங்கசு சுகதேகிகளின் வாயிலும் குடலிலும்கூட இருப்பதுதான். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத்தான் அது படுக்கையில் போடும். பல ஆய்வுகூடங்களில் நொதியத்துக்குரிய மரபணுவை மட்டும் தீங்கற்ற ஈ.கோலை பற்றீரியாவிலோ மதுவத்திலோ (ஈஸ்ட்) ஏற்றி வேலை செய்வார்கள்.

நீங்கள் யோசிக்க வேண்டியது அவளுடைய பொறுமையைப் பற்றி. புரதத்தை வெட்டும் நொதியம் சுரக்கும் பங்கசுவைப் பால் கலந்த அகார்த் தட்டில் (ஜெலி போன்ற வளர்ப்பு ஊடகம்) இட்டால், அதைச் சுற்றி வெண்மை போய்த் தெளிந்த வளையம் விழும். பார்க்க ஆசையாக இருக்கும். வேலை அதற்குப் பிறகுதான். நொதியத்தைப் பிரித்துச் சுத்திகரிக்க வேண்டும். எந்த பிஎச்சில் (அமில, கார அளவில்), எந்த வெப்பநிலையில் வேகம் கூடுகிறது, எந்தத் தடுப்பான் அதை நிறுத்துகிறது என்று அளக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் குழாய்களை அடுக்கி, ஒரே அளவீட்டை மூன்று தரம் எடுப்பார்கள். ஐஸில் வைக்க மறந்தால் சில நொதியங்கள் மத்தியானத்துக்குள் செத்துவிடும். உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்த பிள்ளைகளும் இதில் சலித்துப்போவதுண்டு.

பயனில்லாத படிப்பு அல்ல. பங்கசு நோய்க்கு மருந்து வகைகள் குறைவு. இருப்பவற்றில் அசோல் என்ற வகை மருந்துகளும் பங்கசுவின் ஒரு நொதியத்தைத் தடுத்தே வேலை செய்கின்றன. 2022இல் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக 19 பங்கசு நோய்க்கிருமிகளை முன்னுரிமைப் பட்டியலில் போட்டது.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பங்கசுப் பிரிவு உண்டு. பயிர்ப் பங்கசு என்றால் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும் அகலவத்தை இறப்பர் ஆராய்ச்சி நிறுவனமும். எல்லாம் சேர்த்தாலும் இடங்கள் சொற்பம். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தை நம்பி இருக்க வேண்டாம்; அங்கே எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்) தகைமையும் மருத்துவச் சபைப் பதிவும் கேட்பார்கள். ஆனால் புரதத்தைச் சுத்திகரித்து அளக்கத் தெரிந்தவளுக்கு மருந்து உற்பத்தியிலும் உணவுத் தரப் பரிசோதனையிலும் கதவு திறக்கும். மேலே படிப்பதென்றால், கொழும்பிலேயே பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல் நிறுவகம் இருக்கிறது. உதவிப்பணத்தோடு வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் செய்யவும் இந்தக் கைப்பழக்கம்தான் உதவும்.

தலைப்பைப் பதியும் முன் மகள் மேற்பார்வையாளரிடம் ஒன்றை நேரே கேட்கட்டும்: தேவையான இரசாயனங்கள் இப்போதே கையிருப்பில் உண்டா? வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றால், இறக்குமதிக்குக் காத்திருந்தே அந்த வருடம் ஓடிவிடலாம். அப்படியானால் கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடிய வேறு நொதியத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.