வாசகர் கேள்வி – பதில்: முதலில் கதிரையிலிருந்து எழும்பட்டும்

(பதில்: சிறுநீரக விடுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற தாதி)

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, தோட்டம் செய்தவர். பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். போன மாதம் கிளினிக்கில் 'ஈஜிஎஃப்ஆர் 38' என்று எழுதித் தந்தார்கள். அன்று படுத்தவர் எழும்புகிறாரில்லை. 'வருத்தக்காரன் உடம்பை அலட்டக்கூடாது' என்கிறார். லண்டனிலிருக்கிற அண்ணா, போனில் பார்த்துச் செய்கிற உடற்பயிற்சி இருக்கிறதாம் என்கிறார். செய்விக்கலாமா?
– கோப்பாய் வாசகி

பிள்ளை, அந்த 38 என்ன என்று அப்பாவுக்கு ஒருவரும் ஆறுதலாக இருந்து சொல்லவில்லைப் போல. இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்கிற கழிவை வைத்து, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் வடிகட்டுகிறது என்று கணக்கிடுகிற அளவு அது. 30 முதல் 59 வரை சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை. 15-க்குக் கீழே போனால்தான் கடைசியான ஐந்தாம் நிலை. அப்பா அங்கே நிற்கவில்லை. இதை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கோ, இன்றைக்கே சொல்லுங்கோ. சோதனைக்கு முதல்நாள் கடுமையாக வேலை செய்தாலோ, இறைச்சி நிறையச் சாப்பிட்டாலோ கிரியேட்டினின் கூடிக் காட்டும், அப்போது இந்த இலக்கம் குறைந்து தெரியும். அதையும் சொல்லிவையுங்கோ. இல்லாவிட்டால் அடுத்த றிப்போட்டைப் பார்த்துத் திரும்பவும் படுத்துவிடுவார்.

என் அப்பாவுக்கும் இதே வருத்தம்தான். ஒரு கிளினிக்கில் இரண்டு வருடம் கொப்பியில் இலக்கம் எழுதினார்கள், விளக்கம் சொல்லவில்லை. நாங்களோ முழங்கால் நோவுக்குக் கடையில் டைக்குளோபெனாக் குளிசை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரியவந்தபோது காலம் போய்விட்டது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகவே உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை ஒருமுறை கொட்டிப் பாருங்கோ.

இனி உடற்பயிற்சி. படுத்துக் கிடந்தால் முதலில் தொடைச் சதை கரையும். சதை கரைந்தால் சீனியும் பிரஷரும் அடங்குவது இன்னும் கஷ்டம். பழுதான சிறுநீரகத்தை நடை திருப்பித் தராது. ஆனால் பிரஷரையும் சீனியையும் நித்திரையையும் திருத்த உதவும். கிழமைக்கு 150 நிமிடம் மிதமான அசைவு என்பதுதான் இந்த நோயாளருக்கு உலகளவில் சொல்லப்படுகிற அளவு. அப்பா முதல்நாளே அங்கே போகத் தேவையில்லை.

விறாந்தையில் கைப்பிடியில்லாத ஒரு கதிரையைச் சுவரோடு அணைத்துப் போடுங்கோ. கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு எழும்பட்டும், இருக்கட்டும். எண்ணுவது உங்கள் வேலை. எங்கள் விடுதியில் ஒரு ஐயா முதல்நாள் நாலோடு மூச்சு வாங்கி இருந்துவிட்டார். மனைவி பக்கத்தில் நின்று 'நாலு, நாலு' என்று சொன்னதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. ஆறாவது கிழமை பதினாலு எழும்பினார். பிறகு ஒழுங்கையில் நடை. வெயில் ஏறமுதல் போங்கோ. நடக்கும்போது கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. இன்சுலினோ சீனி வருத்தக் குளிசையோ எடுப்பவர், சீனி திடீரென்று இறங்கினால் வாயில் போடப் பொக்கற்றில் ஒரு டொபி வைத்திருக்கட்டும். நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிற்பாட்டி டொக்டரிடம் போகவேண்டும். தொடங்கமுதலும் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கோ.

அண்ணா சொல்வது 'கிட்னி பீம்' ஆக இருக்கலாம். சிறுநீரக நோயாளருக்கென்றே இங்கிலாந்தில் செய்தது. பயிற்சி வீடியோவும் நோய் பற்றிய விளக்கமும் சேர்ந்தது. அங்கே 12 கிழமை பாவித்துப் பார்த்த ஆய்வில் நோயாளரின் மனநிலை சார்ந்த வாழ்க்கைத் தரம் உயர்ந்திருந்தது. நல்ல விஷயம். ஆனால் ஆங்கிலத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல அப்பா செய்வாரா? அண்ணாவை அதைப் பார்த்துவிட்டு, தமிழில் தான் செய்து காட்டி வட்ஸ்அப்பில் இரண்டு நிமிட வீடியோ அனுப்பச் சொல்லுங்கோ. மகன் சொன்னால் எழும்புவார். கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கோ. அடுத்த டொக்டர் கேட்கும்போது கையில் இருக்கும்.

உப்பு எல்லாமாக நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள். பாண், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். உப்புக்குப் பதிலென்று விற்கிறதை வாங்கவேண்டாம், அதில் பொற்றாசியம் இருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கு அது கூடினால் ஆபத்து.

கேள்வி: கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ். டயலிசிஸ் ஊசிக்கென்று இடது கையில் இரத்தக்குழாய்களை இணைத்துப் பிஸ்ற்றுலா வைத்து ஒரு மாதம். கிணற்றில் அள்ளலாமா?
– காரைநகர் வாசகர்

இப்ப வேண்டாம் ஐயா. அந்த இரத்தக்குழாய் தடித்துப் பழகும்வரை அந்தக் கையால் வாளி தூக்கக்கூடாது. அதில் கயிறு சுற்றவோ, பிரஷர் பார்க்கக் கொடுக்கவோ எப்போதுமே கூடாது. சத்திரசிகிச்சை நிபுணர் சம்மதித்தால் மெதுவான பந்தொன்றை அமத்தி அமத்தி விடலாம். கால்களுக்குத் தடையில்லை, நடவுங்கோ. காலையில் எழும்பினதும் மற்றக் கை விரலை அதில் வைத்துப் பாருங்கோ, கிர்ரென்று ஒரு அதிர்வு தெரியவேண்டும். தெரியாவிட்டால் தேத்தண்ணி குடிக்கவும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.