ஐலெட் மெஷின் மதியத்துக்கு மேல் மக்கர் பண்ணுகிறதா? முதலில் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் லாரித் தார்ப்பாயும் ஃபிளெக்ஸ் பேனரும் தயாரித்துக் கொடுக்கும் வாசகர் கேட்கிறார்: "மோட்டார் வைத்த ஐலெட் மெஷின் (கயிறு கோக்கும் ஓட்டையில் உலோக வளையம் அடிப்பது; அந்த வளையம்தான் ஐலெட்). காலையில் கடகடவென்று ஓடுகிறது. மதியத்துக்கு மேல் ஐலெட் இறங்காமல் நின்று நின்று வருகிறது. ஐலெட் இல்லாமலே டை (அழுத்தி அடிக்கும் அச்சு) இறங்கி வெறும் ஓட்டை விழுகிறது; சில சமயம் தலைகீழாக வந்து நசுங்குகிறது. ஸ்பிரிங் மாற்றியாயிற்று, தினமும் எண்ணெயும் விடுகிறோம். சறுக்குப் பாதையையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். தொட்டியிலிருந்து ஐலெட் டைக்குச் சறுக்கி வரும் பாதை அது; காலையில் ஒழுங்காக ஓடிய பாதை மதியத்துக்குள் தேய்ந்துவிடாது. அந்தச் சில மணி நேரத்தில் மாறுவது இரண்டுதான்: தொட்டியில் கிடக்கும் சரக்கும், பாதையில் படியும் அழுக்கும்.

தொட்டிக்குள் சுற்றும் பிரஷ் ஐலெட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பாதையின் வாய்க்குத் தள்ளுகிறது. விளிம்பு சரியான பக்கம் திரும்பியிருப்பது உள்ளே நுழைந்துவிடும். மற்றது திரும்பவும் தொட்டியில் விழும். நல்ல ஐலெட் எல்லாம் இப்படி முதலில் வெளியேறிவிட, கோணலானது, விளிம்பு பிசிறடித்தது, ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது எல்லாம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். தொட்டி குறையக் குறைய நீங்கள் மேலே புதுச் சரக்கைக் கொட்டுகிறீர்கள். மதியத்துக்குள் அடியில் கழிவு சேர்ந்துவிடுகிறது. அதில் ஒன்று எப்படியோ வாய்க்குள் நுழைந்தால் போதும், பின்னால் வருவதெல்லாம் நிற்கும். ஆகவே நிரப்புவதற்கு முன் தொட்டியை ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்து, கோணலானதைப் பொறுக்கி எறியுங்கள். பாதி அளவுக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். நிரம்பிய தொட்டியில் பிரஷ்ஷால் புரட்ட முடியாது.

அடுத்தது எண்ணெய். கிராங்க், கிளட்ச், டை ஏறி இறங்கும் தண்டு ஆகியவற்றுக்கு எண்ணெய் கட்டாயம் வேண்டும். தொட்டிக்கும் சறுக்குப் பாதைக்கும் ஒரு சொட்டுகூடக் கூடாது. அலுமினிய ஐலெட் உரசும்போது கருப்பாக ஒரு பொடி உதிரும். அதோடு உங்கள் பகுதியின் தூசியும் சேரும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011இல் நின்றுவிட்டாலும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடும்வரை கடைக்குள் புழுதி வரத்தான் செய்யும். இந்த இரண்டும் எண்ணெயில் குழைந்தால் பசைதான். காலையில் விட்ட எண்ணெய் மதியத்தில் ஐலெட்டைப் பிடித்து நிறுத்துவது இதனால்தான்.

சுத்தம் செய்ய, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். மோட்டார் நின்ற பிறகும் ஃபிளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தெரியாமல் பெடலில் கால் பட்டால் டை இறங்கிவிடும். சக்கரம் முழுதாக நின்ற பிறகே கை வைக்க வேண்டும். உங்களிடம் வேலை பார்க்கும் பையன்களுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பாதையைக் கழற்றி, செல்போன் சர்வீஸ் கடைகளில் பயன்படுத்தும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அருகில் நெருப்பு கூடாது. மண்ணெண்ணெய் வேண்டாம், அது பிசுபிசுப்பை விட்டுப்போகும். காய்ந்த பிறகு 6பி பென்சிலை உள்விளிம்பில் தேய்த்தால் அந்த கிராஃபைட்டே வழுக்கக் கொடுக்கும். மிஞ்சிய பொடியை ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை ஃபிளெக்ஸில் கறை படும்.

பாதை கையில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்துவிடலாம். மெஷினில் இருக்கும் அதே சரிவில் பிடித்து, இருபது நல்ல ஐலெட்டுகளை ஒவ்வொன்றாக விட்டு, விரலால் லேசாகத் தட்டுங்கள். எல்லாம் இறங்கினால் பாதையில் குற்றமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் அங்கே நெளிவோ பிசிறோ இருக்கிறது. 600 நம்பர் எமரி தாளால் நீளவாக்கில் மட்டும் மெதுவாகத் தேய்க்கலாம். அரம் போடாதீர்கள், பள்ளம் அகன்றால் திரும்பச் சேராது. இங்கே ஓரிடம் அங்கே ஓரிடம் என்று நின்றால் ஐலெட்டின் அளவைச் சந்தேகப்படுங்கள். ஒரே நம்பர் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி விளிம்பின் அகலமும் தடிமனும் கொஞ்சம் மாறும். வெர்னியர் அளவுகோலில் பத்துப் பதினைந்தை அளந்தால் தெரிந்துவிடும். இரண்டு கம்பெனிச் சரக்கை ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது.

தலைகீழாக வருவது வேறு விஷயம். பாதையின் வாய் விரிந்திருக்க வேண்டும், அல்லது பிரஷ்ஷின் மயிர் தேய்ந்து குட்டையாகியிருக்க வேண்டும். பிரஷ் மலிவு, அதை முதலில் மாற்றுங்கள்.

ஐலெட் கடைசிவரை வந்தும் டை வெறுமனே இறங்கினால், பிளக் பிடுங்கிய நிலையிலேயே பெடலை அழுத்தி ஃபிளைவீலைக் கையால் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மேல் டையின் நடு ஊசி, பாதை நுனியில் நிற்கும் ஐலெட்டின் துளைக்குள் நேராக இறங்க வேண்டும். விளிம்பில் இடித்தால் ஊசி வளைந்திருக்கிறது, அல்லது பாதையைத் தாங்கும் திருகு தளர்ந்திருக்கிறது. ஐலெட்டைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கையும் கவனியுங்கள்: தளர்வாக இருந்தால் ஐலெட் முன்பே நழுவிவிடும், இறுக்கமாக இருந்தால் ஊசியோடு வராது. நீங்கள் மாற்றிய புது ஸ்பிரிங் பழையதைவிட விறைப்பாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

இத்தனையும் செய்த பிறகும் வாய் விரிந்திருப்பதோ பள்ளம் அகன்றிருப்பதோ கண்ணுக்குத் தெரிந்தால், மெக்கானிக் சொன்னதுபோல் பாதையை மாற்றத்தான் வேண்டும். வாங்கப் போகும்போது பழைய பாதையையும், நீங்கள் வழக்கமாக ஓட்டும் ஐலெட்டில் ஒரு கைப்பிடியையும் எடுத்துப் போய், கடையிலேயே விட்டுப் பார்த்து வாங்குங்கள்.