கறுப்புச் சட்டைக்காரரின் அன்பு

கேள்வி: எதிர்வீட்டு அண்ணாச்சி கடவுளே இல்லை என்கிற கறுப்புச் சட்டைக்காரர். அம்மா பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து ராத்திரியில் ஆட்டோ பிடிப்பதும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பதும் அவர்தான். எங்கள் உபவாசக் கூட்டத்தில் பிரசங்கியாரோ, “தேவனை அறியாதவர்களிடம் மெய்யான அன்பு இருக்க முடியாது” என்றார். மனசு கேட்கவில்லை ஐயா. அண்ணாச்சிக்குச் சுவிசேஷம் சொல்லலாமா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மனசு கேட்காததில் தப்பில்லை, மகளே. ‘அன்பில்லாதவன் தேவனை அறியான்’ என்று யோவான் எழுதினார் (1 யோவான் 4:8). தேவனை அறியாதவனுக்கு அன்பே வராது என்று அதைத் திருப்பிப் போட்டது நாம். அந்த அதிகாரத்தில் அவர் மடக்குவது சபைக்குள் இருப்பவர்களை. தேவனிடத்தில் அன்புகூருகிறேன் என்று சொல்லிக்கொண்டு சகோதரனைப் பகைக்கிறவன் பொய்யன் என்கிறார் (4:20). அம்மாவைப் பார்க்க சபையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

வேதத்தில் அப்போஸ்தலர் 28ஐ எடுத்துப் படியுங்கள். கப்பல் உடைந்து, கைதியாகப் போன அப்போஸ்தலன் பவுலையும் சேர்த்து 276 பேர் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். இன்றைய மால்ட்டாதான் அது. சிப்பாய்களும் கைதிகளுமாக நனைந்துபோய் வந்த அந்தக் கூட்டத்துக்கு, மழையிலும் குளிரிலும் தீவுக்காரர்கள் நெருப்பு மூட்டுகிறார்கள். அவர்கள் ‘பாராட்டின அன்பு கொஞ்சமல்ல’ என்கிறார் அதை எழுதின லூக்கா. அதுவரை பவுல் அங்கே ஒரு வார்த்தை பிரசங்கித்திருக்கவில்லை. தீவில் யாரும் ஞானஸ்நானம் பெற்றதாகவும் அந்த அதிகாரத்தில் இல்லை. நம் பிரசங்கங்களில் அங்கே பவுலின் கையைக் கவ்வின பாம்புதான் வருகிறது, இந்த நெருப்பு வருவதில்லை!

அண்ணாச்சியின் அன்பும் தேவனிடமிருந்து வந்ததுதான் என்பது என் விசுவாசம். அதை அவரும் ஒப்புக்கொண்டால்தான் அன்பு செல்லும் என்றில்லை. அப்படியானால் விசுவாசம் எதற்கு என்று கேட்பீர்கள். நம்மைச் சிநேகிக்கிறவர்களை மட்டும் சிநேகித்தால் என்ன பலன், வரி வசூலிக்கிற ஆயக்காரரும் அப்படியே செய்கிறார்களே என்கிறார் இயேசு (மத்தேயு 5:46). சத்துருவையும் சிநேகி என்று அவர் கேட்பது நம்மிடம்தான். அந்த இடத்தில் எனக்கு என் சொந்த பலம் போதவில்லை.

சுவிசேஷம் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் அன்பு மெய்யல்ல என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அப்புறம், இத்தனை நாள் ஆட்டோவுக்குக் கொடுத்த காசை அவர் உங்களிடம் வாங்கிக்கொண்டாரா? அதை முதலில் விசாரியுங்கள்.