லினக்ஸ் கூட்டத்துக்குத் தனியாகப் போகலாமா?

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரியும். லினக்ஸ் இயங்குதளப் பயனர் கூட்டங்களுக்குப் போக ஆசை. எல்லாரும் பெரிய ஆட்களாக இருப்பார்களோ என்று தயக்கம்.
- ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: தாராளமாகப் போங்கள். உங்கள் பக்கத்து ஊரான விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. சென்னையில் பைத்தான்காரர்களுக்கென்றே சென்னைபை என்ற குழு உண்டு. கிளம்பும் முன் தேதியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போனபோது நான் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன். டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்ட என் மடிக்கணினியில் வைஃபை வரவேயில்லை. டீ இடைவேளையில் பக்கத்திலிருந்த அண்ணன் 'எல்எஸ்பிசிஐ' (lspci) என்ற கட்டளையைத் தட்டி, வைஃபை சில்லின் பெயரைக் காட்டினார். அதற்கு வேண்டிய ஃபர்ம்வேரை (சில்லை இயக்கும் சிறு மென்பொருளை) எங்கே எடுப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். (2023-ல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும்போதே அது கூடவே வந்துவிடுகிறது.) இரண்டு மாதமாகத் தேடியது பத்தே நிமிடத்தில் முடிந்தது. அன்றைய உரைகளைவிட அந்தப் பத்து நிமிடம்தான் எனக்குப் பெரிசு.

அதனால் மடிக்கணினியோடு, உங்களை உண்மையிலேயே படுத்தும் ஒரு சந்தேகத்தையும் கொண்டுபோங்கள். பிழைச்செய்தியை அப்படியே எழுதி வையுங்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அப்புறம், டீ இடைவேளைக்கு முன்னால் கிளம்பிவிடாதீர்கள்.