தோருக்குப் படையலிடப் பேராசிரியர் எதற்கு?

கேள்வி: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட ஓடின், தோர் முதலிய தெய்வங்களை ஐஸ்லாந்திலும் பிற நாடுகளிலும் மீண்டும் வழிபடத் தொடங்கியிருக்கும் பேகன் சமயத்தார், ஆய்வு நூல்களைப் படித்துவிட்டுத்தான் சடங்கு செய்கிறார்களாம். ஏட்டைப் பார்த்துச் செய்வது எப்படிப் பக்தியாகும்? தெய்வத்தை நேரில் உணர்ந்தவருக்குப் பேராசிரியரின் சான்றிதழ் எதற்கு? (வாசகி ஒருவர், கோயம்புத்தூர்)

பதில்: ‘ஏட்டைப் பார்த்து’ என்று எழுதும்போதே தீர்ப்பையும் சேர்த்து எழுதிவிட்டீர்கள். அவர்களிடம் ஏட்டைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தின் பொதுமன்றமான அல்திங் கூடியபோது, பழைய சமயத்தைச் சேர்ந்தவரான தோர்கெயர் என்னும் சட்டமுதல்வரிடமே, நாடு கிறித்துவத்துக்கு மாறுவதா வேண்டாமா என்ற முடிவு விடப்பட்டது. அவர் போர்வைக்குள் நெடுநேரம் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து, நாட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றும், பழைய தெய்வங்களுக்கு மறைவாகப் பலியிடுவோர் மட்டும் தண்டிக்கப்படமாட்டார்கள் என்றும் அறிவித்தார். அந்தச் சலுகையும் சில ஆண்டுகளில் நீங்கியது. அதன்பின் பாட்டி பேத்திக்குச் சொல்லிக் கொடுக்கும் மரபு அறுந்துபோயிற்று. எஞ்சியவற்றில் பெரும்பகுதி பிறர் எழுதியது: 98இல் எழுதிய ரோமானியர் டாசிட்டஸ், ஸ்வீடனின் உப்சாலா கோயிலைத் தாம் காணாமலே 1070களில் வருணித்த பாதிரியார் ஆடம், 1220 அளவில் ‘எட்டா’ என்னும் தெய்வக்கதை நூலைத் தொகுத்த கிறித்துவரான ஸ்னோரி ஸ்துர்லுசன். தெய்வப் பாடல்களில் பெரும்பாலானவை 1270களில் எழுதப்பட்ட ஒரே ஒரு தோல் சுவடியில் பிழைத்துக் கிடந்தன. டென்மார்க் அரசரிடம் போயிருந்த அந்தச் சுவடி 1971இல் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. மறு ஆண்டே ஆடு வளர்க்கும் விவசாயியும் கவிஞருமான ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன் நண்பர்களுடன் பழைய சமயச் சங்கத்தைத் தொடங்கினார். 1973இல் அரசு அதை அங்கீகரித்தது. ஒன்றால்தான் மற்றது நிகழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தப் பக்திக்கு ஏடு இடைஞ்சல் என்று எவரும் சொல்லிவிடவும் முடியாது.

இனிச் சான்றிதழுக்கு வருகிறேன். ஒரு பெண் கனவில் ஃபிரேயா தேவியைக் கண்டு, மறுநாள் முதல் அவளுக்கு ஸ்ட்ராபெர்ரிப் பழம் படைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய உணர்வை அச்சமயத்தார் ‘சரிபார்க்கப்படாத தனி அறிவு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் யூ.பி.ஜி. என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். அவள் படைப்பதைத் தடுக்க எந்தப் பேராசிரியரும் வரப்போவதில்லை. அவளும் எவரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. ஆனால் ‘வைக்கிங்குகள் ஃபிரேயாவுக்கு ஸ்ட்ராபெர்ரி படைத்தார்கள்’ என்று அவள் சொன்ன நொடியில் கனவைவிட்டு வரலாற்றுக்குள் வந்துவிடுகிறாள். அங்கே சான்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். வட ஐரோப்பியரின் பழைய எழுத்துகளான ரூன்களின் மிகப் பழைய வரிசையில் 24 எழுத்துகள் உண்டு. 1982இல் வெளிவந்து பெரிதும் விற்ற ஒரு குறி பார்க்கும் நூல் எழுத்தில்லாத வெற்றுக் கல் ஒன்றையும் அவற்றோடு சேர்த்தது. இன்று அதைத் தொன்மையான ஞானம் என்றே நம்பி, கற்கள் நிறைந்த பைக்குள் கையை விட்டுக் குறி பார்க்கிறவர்கள் பலர். அந்தக் கல் ஒருவருக்கு அமைதி தந்தால் நல்லதுதான். அதன் வயதை மட்டும் கூட்டிச் சொல்லவேண்டாம் என்பதே கோரிக்கை.

வயதைக் கூட்டிச் சொல்வதால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்பீர்கள். ஆஸ்திரியரான குய்தோ ஃபொன் லிஸ்ட் 1902இல் கண் அறுவைக்குப் பின் பல மாதம் பார்வையின்றி இருந்தபோது 18 ரூன்களின் இரகசியம் தமக்கு வெளிப்பட்டதாக அறிவித்து, அதையே ஆரிய முன்னோரின் மூல எழுத்து என்றார். இன்றைக்கும் உலகம் அருவருக்கும், ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் இரட்டை மின்னல் குறி அவருடைய வரிசையிலிருந்து வந்தது. அந்தப் படைக்குள்ளேயே முன்னோர் நினைவு தமக்குள் ஓடுவதாகச் சொல்லிக்கொண்ட விலிகுட் என்பவர் அதன் தலைவர் ஹிம்லரின் ஆலோசகராக இருந்தார். இருவரும் தங்கள் அகக்காட்சியைத் தங்களுடையது என்று சொல்லாமல் ஓர் இனத்தின் வரலாறு என்று சொன்னார்கள். அதைச் சரிபார்க்க எவருக்கும் இடமில்லாமல் போயிற்று.

இதனால் ஆய்வின் பக்கமே நியாயம் முழுவதும் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய பேகன் சமயங்களில் ஒன்றான, இங்கிலாந்தின் விக்கா அடிபட்டது அகக்காட்சியால் அன்று, ஒரு பேராசிரியரால். சூனியக்காரிகள் என்று முற்கால ஐரோப்பா கொன்று குவித்தவர்கள் உண்மையில் கிறித்துவத்துக்கு முந்தைய ஒரு வளமைச் சமயத்தின் அடியார்கள் என்று எகிப்தியல் அறிஞரான மார்கரெட் மர்ரே 1921இல் எழுதினார். 1951இல் சூனியத் தடைச்சட்டம் நீக்கப்பட்ட பின், 1954இல் ஜெரால்டு கார்ட்னர் அந்தச் சமயம் இன்னும் உயிரோடிருக்கிறது என்று நூல் வெளியிட்டபோது அதற்கு முன்னுரை தந்தவரும் மர்ரேதான். 1970களில் வரலாற்றாசிரியர்கள் அவருடைய கோட்பாட்டை ஏறக்குறைய முற்றாகத் தள்ளிவிட்டார்கள். 1999இல் ரொனால்டு ஹட்டன், விக்கா 20ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான புதுச் சமயம் என்பதை விரிவாக எழுதிக் காட்டினார். தம் சமயத்தின் தொன்மையையே நம்பியிருந்தவர்கள் கொதித்தார்கள். பௌர்ணமி இரவில் வட்டமிட்டு நின்று எதையோ உணர்ந்தவர்கள் அடுத்த பௌர்ணமிக்கும் போய் நின்றார்கள். நீங்கள் வேண்டாம் என்கிற அந்தச் சான்றிதழை வாங்கி வாசலில் மாட்டியதால் வந்த வினை அது. பேராசிரியர்கள் கருத்தை மாற்றிக்கொள்வார்கள், அது அவர்கள் தொழில். தெய்வ நம்பிக்கையை அதன்மேல் நிறுத்தியது யார் குற்றம்?

அப்படியானால் படிப்பு எதற்குப் பயன்படும் என்பதற்கு உல் என்னும் தெய்வத்தையே காட்டலாம். வில்லிலும் பனிச்சறுக்கிலும் வல்லவன் என்பதற்கு மேல் எட்டா அவனைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. கதையை மட்டும் படிக்கிறவர் அவனைச் சில்லறைத் தெய்வம் என்று கடந்துவிடுவார். ஆனால் ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஊர்ப்பெயர்களை ஆராய்ந்தவர்கள், அவன் பெயர் தாங்கிய வழிபாட்டிடங்கள் ஏராளமாக இருந்ததைக் கண்டார்கள். பழம்பாடல் ஒன்றில் ஒரு மன்னன் ‘உல்லின் வளையத்தின்மீது’ ஆணையிட்டதாக ஒரே ஒரு வரி வருகிறது. 2007இல் ஸ்டாக்ஹோமுக்கு வடமேற்கே லில்லா உல்லெவி என்ற இடத்தில் அகழ்ந்தபோது, கல்லடுக்கிய ஒரு பழைய வழிபாட்டு மேடையைச் சுற்றிச் சிறுசிறு இரும்பு வளையங்கள் குவியலாகக் கிடைத்தன. அவ்வூர்ப் பெயரே உல்லின் புனித இடம் என்று பொருள்படுவது. இதைப் படித்துவிட்டு ஒருவர் இன்று உல்லை நினைத்து ஒரு வளையத்தைக் கையில் எடுத்தால் அவருடைய பக்தி ஏட்டுச் சுரைக்காயா, அம்மா? எந்தக் கனவும் அவருக்குத் தராத தெய்வத்தையல்லவா மண்வெட்டி எடுத்துத் தந்திருக்கிறது!

படிப்பு கைவிட்டுவிடும் இடமும் உண்டு. ‘சிவப்பர் எரிக்கின் கதை’ என்ற பழைய ஐஸ்லாந்து நூலில், கிரீன்லாந்தின் ஒரு பண்ணைக்குக் குறி சொல்ல வந்த தோர்பியோர்க் என்ற பெண்ணின் பூனைத்தோல் கையுறை முதல் அவள் உண்ட கஞ்சி வரை விவரிக்கப்பட்டிருக்கின்றன. ஆவிகளை அழைக்கும் பாட்டை அங்கே அறிந்திருந்தவள் குத்ரித் என்ற கிறித்துவப் பெண் ஒருத்திதான் என்பதும், தயங்கித் தயங்கி அவள் அதைப் பாடினாள் என்பதும் இருக்கின்றன. பாட்டின் சொற்கள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் எழுத்தாளர் டயானா பாக்ஸனும் அவர் குழுவினரும் 1980களின் இறுதியிலிருந்து இச்சடங்கை மீட்டு நடத்த முயன்றபோது, அந்த இடத்தைத் தங்கள் பாட்டாலும் தங்கள் பயிற்சியாலும்தான் நிரப்பவேண்டியிருந்தது. எதை எங்கிருந்து எடுத்தோம் என்று பாக்ஸனே எழுதியும் இருக்கிறார். குத்ரித் பாடிய பாட்டு இதுதான் என்று அவர் சாதித்திருந்தால் எனக்கு அவர்மேல் மதிப்பிருக்காது.

நீங்கள் குறிப்பிட்ட ஐஸ்லாந்துச் சங்கத்தில் இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள்; என்ன நம்பவேண்டும் என்ற விதி அங்கே எவருக்கும் கிடையாது. குதிரைகளை வெட்டி, இரத்தத்தைச் சுவரிலும் ஆட்களிலும் தெளித்து, இறைச்சியைக் கொப்பரையில் வேகவைத்து, ஓடினுக்கும் நியோர்துக்கும் ஃபிரேயருக்கும் கோப்பை உயர்த்தியதாகப் பழைய விருந்தை ஸ்னோரி வருணிக்கிறார். அந்த வருணனையில் எவ்வளவு அவருடைய கற்பனை என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இருக்கிறது. இன்றைய சங்கத்தாரின் விருந்தில் கோப்பை உண்டு, பாட்டு உண்டு, சாப்பாடு உண்டு; விலங்குப் பலி கிடையாது. அதற்காக முன்னோர் சைவர்கள் என்று அவர்கள் கதை கட்டவும் இல்லை.